ஹைபர்னேட் தானே நிரப்பும் புலங்கள்: நெல்லை மண்டிக் கணக்குகளில் வைத்துப் பார்த்த மதிப்புரை

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நயினார்குளம் மார்க்கெட்டின் காய்கறி மண்டிகளுக்கும், களக்காட்டுப் பக்கத்து வாழைத்தார் வியாபாரிகளுக்கும், அம்பாசமுத்திரம் வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். அவை அனைத்தும் ஜாவாவில் எழுதப்பட்டவை. தரவுத்தளத்தோடு பேசும் வேலையை ஹைபர்னேட் என்ற ஜாவா கட்டமைப்பிடம் விட்டிருக்கிறோம். ஒரு என்டிட்டியை, அதாவது தரவுத்தள அட்டவணையின் ஒரு வரிசைக்கு ஈடான ஜாவா பொருளை, சேமிக்கும்போது அதன் சில புலங்களை நிரலாளர் கைப்பட நிரப்பாமல் கட்டமைப்பே நிரப்பிக்கொள்ளும் வசதி ஹைபர்னேட்டில் பல வடிவங்களில் இருக்கிறது. அந்த வசதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று இங்கே எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மென்பொருளுக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே பயன்படும் மதிப்புகளை ஹைபர்னேட் மிகச் சிறப்பாக உருவாக்குகிறது, மண்டி அண்ணாச்சியோ கணக்குப்பிள்ளையோ ஆடிட்டரோ கையில் வாங்கிப் படிக்கும் மதிப்பை அதனிடம் விடக் கூடாது.

அறிமுகம் வேண்டுவோருக்காகச் சில வரிகள். ஹைபர்னேட்டை 2001இல் கவின் கிங் தொடங்கினார். ஜாவா பொருள்களைத் தரவுத்தளத்தில் சேமிப்பதற்காக 2006இல் வெளிவந்த ஜேபிஏ தரநிலை பெருமளவு அதன் பாதையிலேயே அமைந்தது. ஆகவே நிரலில் புலத்தின் தலையில் எழுதும், கீழே வரும் குறிப்புகளில் (அனோட்டேஷன்) சில தரநிலைக்கு உரியவை, சில ஹைபர்னேட்டுக்கே உரியவை. கட்டணம் எதுவும் இல்லை. நிரல் முழுவதும் திறந்த மூலம்.

முதலில் அடையாள எண். ஐடி புலத்தின் தலையில் ‘ஜெனரேட்டட்வேல்யூ’ என்று எழுதிவிட்டால், அந்த எண்ணை எங்கிருந்து பெறுவது என்பதை ஹைபர்னேட் பார்த்துக்கொள்கிறது. ‘ஆட்டோ’, ‘ஐடென்டிட்டி’, ‘ஸீக்வென்ஸ்’, ‘டேபிள்’ என்ற நான்கு வழிகள் தரநிலையின் முதல் பதிப்பிலிருந்தே இருப்பவை. 2022இல் வந்த ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ் 3.1 (ஜேபிஏவின் இன்றைய பெயர் அது) ‘யூயூஐடி’ என்ற ஐந்தாவது வழியைச் சேர்த்தது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் ‘ஐடென்டிட்டி’யில் தொடங்குகிறார்கள், ஏனெனில் மைஎஸ்க்யூஎல் அட்டவணையில் தானாக ஏறும் எண் பத்தியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இயல்பாகத் தெரிகிறது. ஆனால் அந்த வழியில் எண்ணைத் தருவது தரவுத்தளம். வரிசையைச் செருகி முடித்த பிறகுதான் எண் என்னவென்று ஹைபர்னேட்டுக்கே தெரியும். அதனால் பல வரிசைகளைச் சேர்த்து ஒரே கட்டாக அனுப்பும் வசதியை, ‘ஐடென்டிட்டி’ கொண்ட என்டிட்டிகளுக்கு ஹைபர்னேட் நிறுத்திவிடுகிறது. ஏப்ரல் முதல் தேதியில் விவசாயிகள் பேரேட்டின் ஆரம்ப இருப்புகளை ஆயிரக்கணக்கில் புதிய ஆண்டுக்கு ஏற்றும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கு நேரே தெரியும்.

போஸ்ட்கிரெஸ் போன்று ஸீக்வென்ஸ் (கேட்கும்போதெல்லாம் அடுத்த எண்ணைத் தரும் எண்ணி) உள்ள தரவுத்தளம் கையில் இருந்தால் ‘ஸீக்வென்ஸ்’ வழியே சரியானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இங்கே ‘அலொகேஷன்சைஸ்’ என்ற அளவு இயல்பாகவே 50 என்று வைக்கப்பட்டிருக்கிறது. ஐம்பது தாள் கொண்ட ரசீதுப் புத்தகத்தை மண்டி முதலாளியிடமிருந்து ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு போகும் குமாஸ்தாவைப் போல, ஹைபர்னேட் தரவுத்தளத்திடம் ஒரு முறை கேட்டுவிட்டு ஐம்பது எண்களைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு கொடுக்கிறது. இதனால் தரவுத்தளத்துக்குப் போய்வரும் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது, கட்டாக அனுப்பும் வசதியும் கிடைக்கிறது. தரவுத்தளத்தில் உள்ள ஸீக்வென்ஸின் ஏற்ற அளவும் என்டிட்டியில் எழுதிய அளவும் ஒத்துப்போக வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. முன்பு வேறொருவர் ஒன்று ஒன்றாக ஏறும்படி உருவாக்கிவைத்த ஸீக்வென்ஸோடு இயல்பு அளவான 50ஐ இணைத்தால், மென்பொருள் தொடங்கும்போதே ஹைபர்னேட் பிழை காட்டி நின்றுவிடும். சிலர் இதை எரிச்சலாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது மிகுந்த நிம்மதியைத் தரும் பண்பு, ஏனெனில் வியாபாரம் நடக்கும் நேரத்தில் இரட்டை எண் பிழை வருவதைவிடக் காலையில் திறக்கும்போதே நின்றுவிடுவது எவ்வளவோ நல்லது.

‘ஆட்டோ’வை நான் பரிந்துரைக்க மாட்டேன். மைஎஸ்க்யூஎல்லில் ஸீக்வென்ஸ் கிடையாது என்பதால், ஹைபர்னேட் 5இலிருந்து ‘ஆட்டோ’ என்று எழுதினால் அது ஒரு தனி அட்டவணையை உருவாக்கி, அதன் வரிசையைப் பூட்டி எண்ணை எடுக்கத் தொடங்குகிறது. அப்படி ஓர் அட்டவணை உருவாகியிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. எந்த வழி வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவிடுவது ஒரு வரி வேலைதான்.

யூயூஐடி, அதாவது எங்கே உருவாக்கினாலும் மோதாத நீண்ட அடையாள எண், எங்களுக்கு ஓர் இடத்தில் மட்டும் உண்மையாகப் பயன்பட்டது. பாவூர்சத்திரத்தில் ஒரு கிளையும் டவுனில் தலைமைக் கடையுமாக நடக்கும் வியாபாரத்தில், இணையம் அறுந்திருக்கும் நேரத்திலும் இரண்டு இடங்களிலும் பதிவுகள் உருவாக வேண்டும், பிறகு அவை ஒன்றோடொன்று மோதாமல் சேர வேண்டும். 128 பிட் கொண்ட இந்த எண்ணைத் தரவுத்தளத்தைக் கேட்காமலேயே உருவாக்கிவிடலாம். தற்செயலான நான்காம் வகை யூயூஐடிகள், தரவுத்தளம் தேடலுக்காக வைத்திருக்கும் குறியீட்டு மரத்தின் இங்கும் அங்குமாகப் போய் விழுவதால் பெரிய அட்டவணைகளில் செருகும் வேகம் குறையும். 2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுத்த ஏழாம் வகை, நேர வரிசையில் ஏறுவதால் இந்தக் குறை பெரிதும் தீர்கிறது. ஒரே இடத்தில் ஒரே தரவுத்தளத்தோடு வேலை செய்யும் கடைக்கு இது எதுவும் தேவையில்லை.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: பில் எண். ஐடி தானாக வருகிறது, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏறுகிறது, ஒருபோதும் திரும்ப வருவதில்லை. அப்படியானால் அதையே பில் எண்ணாக அச்சிட்டுவிடலாமே என்று தோன்றுவது இயற்கை. இந்த வட்டாரத்துக் கடைகளில் ஓடும் சிறிய மென்பொருள்கள் சிலவற்றில் இப்படிச் செய்திருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். இது தவறு, ஏனெனில் ஸீக்வென்ஸ் தனித்தன்மையை மட்டுமே வாக்களிக்கிறது, தொடர்ச்சியை வாக்களிப்பதில்லை. ஒரு ட்ரான்ஸாக்ஷன் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் தரவுத்தள வேலைத் தொகுப்பு) பாதியில் முறிந்து பின்வாங்கினால், அது எடுத்துக்கொண்ட எண் ஸீக்வென்ஸுக்குத் திரும்பாது. நினைவகத்தில் ஐம்பதை வைத்திருக்கும்போது சர்வர் நின்று மறுபடி தொடங்கினால், பயன்படுத்தாத எண்கள் அனைத்தும் போய்விடும். மின்சாரம் போய் வரும் ஒரு சாதாரண நாளில் 1203க்கு அடுத்த பில் 1251 என்று வந்து நிற்கலாம்.

இதை வெறும் அழகு குறித்த குறையாக எடுத்துக்கொள்ள முடியாது. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46ஆம் விதி, வரிப் பட்டியல் ஒவ்வொன்றும் பதினாறு எழுத்துகளுக்கு மிகாத தொடர் வரிசை எண் கொண்டிருக்க வேண்டும், அந்த எண் ஒரு நிதியாண்டுக்குள் மீண்டும் வரக் கூடாது என்று கேட்கிறது. பச்சைக் காய்கறிக்கும் வாழைத்தாருக்கும் வரி இல்லையே என்று மண்டிக்காரர் சொல்லலாம். ஆனால் வரியில்லாச் சரக்குக்குக் கொடுக்கும் வழங்கல் பட்டியலுக்கும் 49ஆம் விதி அதே தொடர் எண்ணைக் கேட்கிறது. இடையில் நாற்பது எண்கள் காணாமல் போயிருந்தால், அந்த நாற்பது பில்கள் எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். ஸீக்வென்ஸின் நினைவக ஒதுக்கீடு என்ற விளக்கத்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. யூயூஐடியோ முப்பத்தாறு எழுத்துகள் கொண்டது. பதினாறு என்ற வரம்புக்குள் அது அடங்கவே அடங்காது.

எங்கள் மென்பொருளில் பில் எண்ணுக்கு ஒரு தனி அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு தொடருக்கும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் அதில் ஒரு வரிசை; அந்த வரிசையில் கடைசியாகக் கொடுத்த எண். பில்லைச் சேமிக்கும் அதே ட்ரான்ஸாக்ஷனுக்குள் அந்த வரிசையை எழுதுவதற்கான பூட்டோடு படித்து, ஒன்றைக் கூட்டி, பில்லில் எழுதுகிறோம். பில் முறிந்தால் எண்ணும் அதோடு பின்வாங்கி, அடுத்த பில்லுக்குக் கிடைத்துவிடும். ஒரே தொடரில் இரண்டு பில்கள் ஒரே நொடியில் வந்தால் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது இதன் விலை. இரண்டு மூன்று கவுன்டர்கள் கொண்ட மண்டிக்கு அந்தக் காத்திருப்பு தெரியவே தெரியாது. ரத்தான பில்லை அழிக்காமல் ரத்து என்று குறியிட்டு வைக்கிறோம். இந்த வேலையை, சேமிப்பதற்கு முன் ஹைபர்னேட் தானே அழைக்கும் ‘ப்ரீபெர்சிஸ்ட்’ என்ற முன்னழைப்புக்குள் வைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அத்தகைய அழைப்புகளுக்குள், என்டிட்டிகளைச் சேமித்துப் படிக்கும் என்டிட்டி மேனேஜரையோ வினவலையோ அழைக்கக் கூடாது என்று ஜேபிஏ தரநிலையே அறிவுறுத்துகிறது. எண் கொடுக்கும் வேலை, வியாபார விதிகளை எழுதும் சர்வீஸ் அடுக்கில், படிப்பவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

நேரத்தை நிரப்பும் குறிப்புகள் எனக்குப் பிடித்தவை. ‘கிரியேஷன்டைம்ஸ்டாம்ப்’ என்று எழுதிய புலத்தில் பதிவு பிறந்த நேரமும், ‘அப்டேட்டைம்ஸ்டாம்ப்’ என்று எழுதிய புலத்தில் கடைசியாகத் திருத்திய நேரமும் தாமாகவே வந்து அமர்கின்றன. நிரலாளர் மறப்பதற்கு இடமே இல்லை. ஆனால் எந்தக் கடிகாரத்தின் நேரம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. இயல்பாக இது ஜாவா ஓடும் கணினியின் கடிகாரத்தை எடுக்கிறது. ஒவ்வொரு கவுன்டர் கணினியிலும் தனித்தனியாக மென்பொருளை நிறுவும் பழைய வகை அமைப்பில், மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன ஒரு கணினி பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றுகொண்டு அந்தத் தேதியையே பதிவில் எழுதிவிடும். ஹைபர்னேட் 6.2 முதல் இந்தக் குறிப்புகளில் நேரத்தின் மூலம் தரவுத்தளம் என்று குறிப்பிட முடிகிறது; அப்போது எல்லாக் கவுன்டர்களுக்கும் ஒரே கடிகாரம். போஸ்ட்கிரெஸ் அப்படித் தரும் நேரம் ட்ரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம் என்பதால், ஒரு பில்லும் அதன் கீழே உள்ள சரக்குப் பதிவுகளும் ஒரே நேரத்தைப் பெறுகின்றன. எங்களுக்கு அதுவே வேண்டியிருந்தது.

நேர மண்டலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். சர்வர் எங்கோ மேகக் கணினியில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்து, புலத்தின் வகை நேர மண்டலத்தைக் குறிக்காத ‘லோக்கல்டேட்டைம்’ ஆகவும் இருந்தால், அதிகாலை 4 மணிக்குப் போட்ட பில் முந்தைய நாள் இரவு 10.30 என்று பதிவாகும். காலை 5.30க்கு முன் நடந்த வியாபாரம் முழுவதும் நேற்றைய கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். பத்து மணிக்குக் கடை திறப்பவர்களுக்காக எழுதிய மென்பொருளில் இந்தக் கோளாறு வெளியே தெரியாமலே கிடக்கும், மண்டியில் முதல் நாளே வெளிப்படும். புலத்தை ‘இன்ஸ்டன்ட்’ வகையில் வைத்து, தரவுத்தளப் பத்தியை நேர மண்டலத்தோடு வைத்து, ஹைபர்னேட்டின் ஜேடிபிசி (ஜாவாவைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் இடைமுகம்) நேர மண்டல அமைப்பையும் வெளிப்படையாக எழுதிவிட்டால் பிரச்சினை தீரும். அதற்கும் மேலாக, பில் தேதி என்ற புலத்தை இந்தத் தானியங்கி நேரத்திலிருந்து எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. நேற்று இரவு பதினொரு மணிக்கு லாரியில் இறங்கிய சரக்கை இன்றைய வியாபாரமாகக் கணக்கில் கொள்ளும் மண்டிகள் உண்டு. வியாபார நாள் எது என்பதை மண்டியின் வழக்கம் முடிவு செய்கிறது. அதற்குத் தனிப் புலம் வேண்டும், கணக்குப்பிள்ளை அதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

திருத்திய நேரத்தில் இன்னொரு வரம்பு இருக்கிறது. ஹைபர்னேட் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் என்டிட்டி உண்மையாகவே மாறியிருந்தால்தான் ‘அப்டேட்டைம்ஸ்டாம்ப்’ இயங்கும். ஒரே வினவலில் நூறு வரிசைகளை மாற்றும் மொத்தத் திருத்தம் என்டிட்டிகளைத் தொடாமல் நேரே தரவுத்தளத்துக்குப் போவதால், அங்கே இந்த நேரமும் மாறாது, ‘ப்ரீஅப்டேட்’ போன்ற அழைப்புகளும் நடக்காது. பைத்தான் உலகின் ஜாங்கோவிலும் இதே கதைதான். அதன் ‘ஆட்டோநௌ’ புலமும் மொத்தத் திருத்தத்தில் அசையாது. சர்வீஸுக்குப் போகிறவர் தரவுத்தளத்தைத் திறந்து கையால் ஒரு விலையைத் திருத்தினால், அதுவும் ஹைபர்னேட்டின் காதுக்கு எட்டாது. எந்த வழியாக மாறினாலும் நேரம் பதிவாக வேண்டும் என்றால் வரிசை மாறும்போது தானே இயங்கும் ட்ரிக்கர் ஒன்றைத் தரவுத்தளத்தில் எழுதி, என்டிட்டியின் புலத்தில் ‘ஜெனரேட்டட்’ என்று குறித்து, செருகும்போதும் திருத்தும்போதும் அந்த மதிப்பைத் திரும்பப் படித்துக்கொள்ளும்படி ஹைபர்னேட்டிடம் சொல்வதே உறுதியான வழி. பணம் சம்பந்தப்பட்ட அட்டவணைகளுக்கு இதைத்தான் செய்திருக்கிறோம்.

யார் செய்தார் என்பதை நிரப்பும் வசதி ஹைபர்னேட்டோடு ஸ்பிரிங் டேட்டா என்ற ஜாவா நூலகத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்களுக்குக் கிடைக்கிறது. ‘கிரியேட்டட்பை’, ‘லாஸ்ட்மாடிஃபைட்பை’ என்ற குறிப்புகளை எழுதி, இப்போது உள்ளே இருப்பவர் யார் என்று சொல்லும் ஒரு சிறு வகுப்பைக் கொடுத்தால் போதும். நன்றாகவே வேலை செய்கிறது. கடையில் உள்ள ஐந்து பேரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைகிற பழக்கம் இருந்தால் மட்டும், புலம் ஒழுங்காக நிரம்பியிருந்தும் அதனால் ஒரு பயனும் இருக்காது.

தரவுத்தளத்தின் இயல்பு மதிப்பை நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பத்தியில் இயல்பு மதிப்பு எழுதியிருந்தாலும், ஹைபர்னேட் செருகும்போது எல்லாப் பத்திகளையும் குறிப்பிட்டு, நிரப்பாத புலத்துக்கு வெறுமையை (நல்) அனுப்புவதால், அந்த இயல்பு மதிப்பு தலையெடுக்காமலே போகும். ‘டைனமிக்இன்சர்ட்’ என்று குறித்தால் வெறுமையான புலங்களை விட்டுவிட்டுச் செருகும். ஆனாலும் வந்து விழுந்த மதிப்பு நினைவகத்தில் உள்ள பொருளுக்குத் தெரிய வேண்டுமானால் ‘ஜெனரேட்டட்’ குறிப்பும் தேவை. கல்லூரித் திட்டப்பணிக்காக எங்களிடம் கேட்க வரும் மாணவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடங்களில் இது ஒன்று.

கணக்கிட்டு நிரப்பும் பத்திகள் மண்டிக்கு மிகவும் பொருத்தமானவை. மொத்த எடையிலிருந்து சாக்கின் எடையைக் கழித்தால் நிகர எடை. போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட பத்தியைத் தரவுத்தளமே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. ஹைபர்னேட் 6இல் ‘ஜெனரேட்டட்காலம்’ என்ற குறிப்பில் அந்தச் சூத்திரத்தை எழுதினால், எடை மாறும் ஒவ்வொரு முறையும் புதிய நிகர எடையைப் படித்துக் கொடுக்கிறது. திரையில் ஒரு எடை, அச்சில் வேறொரு எடை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இதே ஆசையில் கமிஷனையும் ஏற்றுக்கூலியையும் சூத்திரப் பத்தியாக வைத்துவிடக் கூடாது. கமிஷன் விகிதம் அடுத்த ஆண்டு மாறும்போது சூத்திரத்தை மாற்றினால், சேமித்து வைத்த பழைய பில்களின் தொகையும் சேர்ந்து மாறிவிடும்; விவசாயி வீட்டில் வைத்திருக்கும் சீட்டும் நம் கணக்கும் ஒத்துப்போகாது. எடை இயற்கையின் கணக்கு, கமிஷன் இரண்டு பேர் பேசி முடித்த உடன்பாடு. பேசி முடித்த அன்றைய விகிதத்தையும் தொகையையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

‘வெர்ஷன்’ குறிப்பையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம். ஒரே பில்லை இரண்டு கவுன்டர்களில் திறந்து இருவரும் திருத்தினால், இரண்டாமவர் சேமிக்கும்போது, ஒவ்வொரு திருத்தத்திலும் ஏறும் பதிப்பு எண் பொருந்தாமல் பிழை எழும். முதலாமவரின் திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துபோவது தடுக்கப்படும். இதை எல்லா என்டிட்டிகளிலும் எழுதுங்கள்.

நமக்கே உரிய மதிப்புகளுக்குச் சொந்தக் குறிப்பையும் உருவாக்கிக்கொள்ளலாம். வியாபார நாளைப் பார்த்து ‘2025-26’ என்று நிதியாண்டை நிரப்பும் குறிப்பு ஒன்றை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். 6.2இல் இந்தப் பகுதியை முழுவதுமாகத் திருத்தி அமைத்தார்கள்: தரவுத்தளக் கட்டளை இயங்குவதற்கு முன் ஜாவாவில் உருவாகும் மதிப்பு, அந்தக் கட்டளை தரவுத்தளத்தில் இயங்கும்போது உருவாகும் மதிப்பு என்று இரண்டு தனி இடைமுகங்கள் வந்தன. முன்பிருந்ததைவிடத் தெளிவான அமைப்பு இது. ஆனால் பழைய முறையில் எழுதியதை மாற்றி எழுத வேண்டும் என்பதால், ஹைபர்னேட்டின் 5ஆம் பதிப்பு வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நகர்த்துகிறவர்கள் அதற்கென்று நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த நகர்வில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5ஆம் வரிசையில் ஸீக்வென்ஸுக்குப் பெயர் எழுதாமல் விட்டால், எல்லா என்டிட்டிகளும் ‘ஹைபர்னேட் ஸீக்வென்ஸ்’ என்ற ஒரே பொதுப் பெயரைப் பயன்படுத்தும். 6ஆம் வரிசையிலிருந்து ஒவ்வொரு என்டிட்டியின் பெயரிலும் தனி ஸீக்வென்ஸைத் தேடும். பழைய தரவுத்தளத்தோடு புதிய பதிப்பை அப்படியே இணைத்தால், இல்லாத ஸீக்வென்ஸைத் தேடி நின்றுவிடும். பழைய பெயரிடல் முறையைத் தொடரச் சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது; ஆனால் ஒவ்வொரு என்டிட்டியிலும் ‘ஸீக்வென்ஸ்ஜெனரேட்டர்’ எழுதி, பெயரையும் அளவையும் கையால் குறிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள், 2025இல் வந்த 7ஆம் வரிசையிலேயே தொடங்கலாம். அதிலிருந்து பயன்பாட்டு உரிமமும் எல்ஜிபிஎல்லிலிருந்து, நிபந்தனைகள் குறைந்த அப்பாச்சி 2.0க்கு மாறியிருப்பதால், வாடிக்கையாளருக்கு விற்கும் மென்பொருளோடு சேர்த்துக் கொடுப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது.